கேட்காமல் ஊற்றிய பாயாசம்

புதன் மாலையிலிருந்து அம்மா எங்கள் வீட்டில் சமைத்த எதையும் சாப்பிடவில்லை. வாழைப்பழம், தேநீர், கடை பிஸ்கட் மட்டும். நீரிழிவுக்கு மாத்திரை போடுகிறவர். வெள்ளி காலை கதிரையிலிருந்து எழும்பும்போது தலைசுற்றி, குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஞாயிறு மதியம் நோபல் பார்க்கிலிருந்து என் மச்சாள் வந்து அவரைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அதன்பின் அவர் வந்த யாழ்ப்பாணத்துக்கே திரும்புவார். அங்கே அவரைப் பார்க்க ஒருவரும் இல்லை.

காரணம் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நானும் கணவர் டானியலும் மெல்பேர்ணில், கோல்ஃபீல்டில் இருக்கிறோம். அவர் பிறப்பால் யூதர். நான் சைவக் குடும்பத்தில் பிறந்து, மூன்று வருடம் படித்து, யூத மதத்தைத் தழுவியவள். எங்கள் வீட்டில் இறைச்சிக்கு ஒரு பானை, பாலுக்கு வேறு பானை. இரண்டும் கலக்கக்கூடாது. இறைச்சிப் பானையின் பிடியில் சிவப்பு நாடா ஒட்டியிருக்கும். அது கழன்றதை அந்தப் புதனுக்கு முந்திய ஞாயிறன்றே கண்டேன். பிறகு ஒட்டலாம் என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை டானியலின் பிறந்தநாள். மருமகனுக்குப் பாயாசம் காய்ச்ச வேண்டுமென்று அம்மாவுக்கு ஆசை. எங்கள் பழைய காஸ் அடுப்பைப் பற்றவைக்க அவருக்குப் பயம். நான் பற்றவைத்துக் கொடுத்துவிட்டு என் வேலைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவர் ஒரு கரண்டி ருசி பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, அது மாட்டிறைச்சி அவிக்கிற பானை."

வாழ்நாளில் இறைச்சி தொடாதவர். கரண்டியை வைத்துவிட்டு வெளியே போய் வாய் கொப்பளித்தார். நான் அவருக்குப் பின்னால் போகவில்லை. பாயாசம் முழுவதையும் தொட்டியில் ஊற்றினேன். கட்டளை மீறப்பட்டது என்பது மட்டுமே என் தலையில் இருந்தது. அவர் திரும்பி வந்தபோது முந்திரிப்பருப்பு துளையில் அடைத்துக்கொண்டிருந்தது.

"இனி உங்கடை வீட்டிலை எனக்குச் சாப்பாடு வேண்டாம், பிள்ளை" என்றார். குரல் உயரவில்லை.

ரபியிடம், அதாவது எங்கள் மத குருவிடம், கேட்கும்படி டானியல் அன்றே சொன்னார். நான் கேட்கவில்லை. யூதரல்லாத அம்மா அடுப்பைத் தொடக்கூடாது என்றுதான் ரபி சொல்வார் என்று நானே முடிவுகட்டியிருந்தேன். அதைக் காதால் கேட்கப் பயம்.

வெள்ளி மாலை, வேலை செய்யவோ நெருப்பு மூட்டவோ கூடாத ஓய்வுநாளான சபாத் தொடங்குமுன், அதற்குரிய மெழுகுவர்த்திகளை ஏற்றி, கைகளால் கண்ணைப் பொத்தினேன். "உன் கட்டளையையும் காக்க வேண்டும், என் தாயையும் காக்க வேண்டும். ஒன்றை விடச் சொல்லாதே. எனக்கு வழி தெரியவில்லை" என்றேன். கையை எடுக்க நேரமானது.

ஞாயிறு காலை எழுந்தபோது பயம் போயிருந்தது. ஏன் என்று விளக்க எனக்குத் தெரியாது. ரபியைத் தொலைபேசியில் அழைத்தேன். பேக்கரியில் வரிசையில் நிற்கிறேன், வாருங்கள் என்றார். என்னைவிட ஏழு வயது இளையவர், சிட்னிக்காரர். போய், வரிசையில் நின்றபடியே ஆங்கிலத்தில் பேசினோம்.

"அந்தப் பானையில் கடைசியாக இறைச்சி சமைத்தது எப்போது?"

"சனி மதியத்துச் சாப்பாட்டுக்கு."

"பாயாசம் புதன்கிழமை. அடுப்பைப் பற்றவைத்தது யார்?"

"நான்."

"அப்படியானால் அதைச் சாப்பிட்டிருக்கலாம். ஒரு நாள் முழுக்க இறைச்சி படாத சுத்தமான பானை. யூதரல்லாதவர் சமைத்தாலும் தீயை யூதர் ஒருவர் மூட்டினால் போதும்; மூட்டியது நீங்கள். பானையை மட்டும் மறுபடி சுத்திகரிக்க வேண்டும்."

எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

"இது நமக்கு. உங்கள் அம்மாவுக்கு?" என்றார் ரபி.

"அவர் இறைச்சி சமைத்த பானையையே தொடமாட்டார்."

"அப்போது உங்கள் வீட்டில் எல்லாரையும்விடக் கண்டிப்பானவர் அவர்தான். தன்னுடைய பானை கொண்டுவரவில்லையா?"

கொண்டுவந்திருந்தார். எவர்சில்வர் பானை. எங்கள் விதிக்கு ஒத்துவருமோ என்ற சந்தேகத்தில் நான்தான் அதைக் கராஜில் வைத்தேன். சொன்னேன்.

"பானையைப் பற்றி என்னிடம் கேட்கலாம். தாயை மதிப்பதா என்று கேட்கத் தேவையில்லை, அது எப்போதோ தீர்ந்த விஷயம். அவருடைய பானையைக் கொதிநீரில் முக்கி எடுங்கள். தீயை நீங்கள் மூட்டுங்கள், அவர் சமைக்கட்டும். எல்லாவற்றுக்கும் முதல் மன்னிப்புக் கேளுங்கள்."

வீட்டு வாசலில் அம்மாவின் பெட்டி நின்றது. "அம்மா, ஊத்தினது பிழை. கேக்காமல் ஊத்தினது அதைவிடப் பிழை" என்றேன். டானியல் கராஜிலிருந்து அம்மாவின் பானையைக் கொண்டுவந்து கொதிக்கிற தண்ணீரில் இறக்கினார். அம்மா குசினி வாசலில் வந்து நின்றார்.

"மாடு அவிச்ச பானை அலுமாரிக்குள்ளை சும்மா இருக்கு. என்ர பானையைப் போட்டு அவிக்கிறியளோ?"

"ஓம், மாமி" என்றார் டானியல். அவருக்குத் தெரிந்த தமிழில் பாதி அது.

அம்மா சிரித்தார். பிறகு அரிசி எங்கே என்று கேட்டார்.

மச்சாள் பன்னிரண்டரைக்கு வந்தார். "பயணமோ, விருந்தோ?" என்றார். சாப்பிட்டுவிட்டுத் தனியே போனார்.

ஒரு வருடமாகிறது. அம்மா எங்களோடுதான் இருக்கிறார். நான் இப்போது எதையும் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்கிறேன். சபாத்தில் அம்மாவின் இரத்தத்தில் சீனி அளக்கலாமா என்றுகூடக் கேட்டேன். "அளந்துவிட்டு வந்து கேளுங்கள்" என்றார் ரபி.

கண்ணைப் பொத்திக் கேட்டதற்கு, பாண் வாங்க நின்ற ஒருவரின் வாயால் கடவுள் பதில் தந்தார். அவருக்கு நன்றி. நீங்கள் எந்தப் பெயரில் அவரை அழைத்தாலும், பதில் இதுதான் என்று நீங்களே முடிவுகட்டி எதையும் ஊற்றிவிடாதீர்கள். முதலில் அவரிடம் கேளுங்கள். பிறகு, அறிந்தவர் ஒருவரிடம் போய்க் கேளுங்கள்.

சபாத் தவிர்ந்த நாட்களில் காலை ஏழு மணிக்குக் குசினியிலிருந்து ஒரு குரல் வரும்.

"பிள்ளை, நெருப்பு."

நான் போய்ப் பற்றவைக்கிறேன்.