வைப்பர் அம்மாவுக்கு ரெண்டு நிமிஷம்

டிவி தொடரில் கன்டினியுட்டி பார்ப்பது என்றால், போன காட்சியில் ஒட்டுமீசை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று நோட்டில் எழுதிவைத்து, அடுத்த காட்சியில் அதைச் சொல்லிக் கெட்ட பெயர் வாங்குவது. படித்துக்கொண்டே பகுதிநேர வேலைக்குப் போய், சொன்னது சரி என்பதற்காகவே திட்டு வாங்கும் என் இனத்தாரே, இது உங்களுக்குத்தான். நான் சிதம்பரத்தில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறேன். சனி, ஞாயிறு கடலூரில் ஒரு கேபிள் சேனலில் வேலை.

மூணும் ஆம்பிளை

சேனலின் குழந்தைகள் தொடரில் ஒரு அத்தியாயம். கால இயந்திரம் ஒன்று பழைய கண்டுபிடிப்பாளர்களை ஏற்றிக்கொண்டு இன்றைய கடலூருக்கு வருகிறது. பல்பைக் கண்டுபிடித்தவர், போனைக் கண்டுபிடித்தவர், நீராவி எஞ்சின்காரர். பெயர்கள் யார் வாயிலும் நுழையாததால் செட்டில் அவர்கள் பல்பு, போன், நீராவி.

ஸ்கிரிப்டைப் படித்ததும் இயக்குநர் சேகர் அண்ணனிடம், "ஏண்ணா, ஒரு பொம்பளைகூட எதையும் கண்டுபிடிக்கலியா?" என்று கேட்டேன். வண்டிக் கண்ணாடியில் மழைத்தண்ணீரைத் தள்ளுகிறதே வைப்பர், அதை யோசித்தது ஒரு அமெரிக்கப் பெண்மணி என்றேன். உள்ளே உட்கார்ந்து கையால் இழுக்கிற மாதிரி அவர் செய்து காட்டியதையும், இதனால் பிரயோஜனமில்லை என்று கம்பெனிக்காரர்கள் அவரைத் திருப்பி அனுப்பியதையும் சொன்னேன். டீ குடிக்கும்போது சொன்னேன். அண்ணன் பைக்கில் ஏறும்போது சொன்னேன். மூன்று வாரம் கழித்து ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அவர் சொன்னார்: "ரெண்டு நிமிஷம் தரேன் பாப்பா. இழுவையா இருந்துச்சுன்னா எடிட்டிங்ல தூக்கிடுவேன், அப்புறம் மல்லுக்கு வரக்கூடாது."

கால இயந்திரத்தின் வாசனை

கால இயந்திரம் என்பது துறைமுகத்தில் மீன் ஏற்றும் ஐஸ் வண்டி. வெள்ளித்தாள் ஒட்டினோம், சீரியல் லைட் சுற்றினோம், வாசனையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பின்கதவைத் திறந்து நீராவி இறங்கும் முதல் ஷாட்டில் பூனை இரண்டு. அதே இறக்கத்தை வேறு கோணத்தில் எடுத்தபோது பூனை ஏழு. இப்படி எடுத்தால் ஒட்டாது என்று நான் நோட்டை நீட்டினேன். வண்டி ஓட்டும் ராஜி அண்ணன் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னது: "மனுசன் மட்டுந்தான் எதிர்காலத்தப் பாக்க வரணுமா, எழுதிக்கம்மா."

பல்பு இறங்க மாட்டார்

நடிகர்கள் எல்லாரும் குமராட்சிப் பக்கத்துத் தெருக்கூத்துக் குழு. கூத்தில் ராஜா வேஷம் திடுதிப்பென்று வந்து நிற்காது. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடிப்பார்கள். அதன் பின்னால் நின்று தன் பெருமையைப் பாடி முடித்துவிட்டுத்தான் ராஜா முகத்தைக் காட்டும். பல்பு வேஷம் கட்டிய கண்ணையன் வாத்தியார், கால இயந்திரத்திலிருந்தும் அப்படித்தான் இறங்குவேன் என்று உள்ளே உட்கார்ந்துகொண்டார். பெட்ஷீட் பிடித்தோம். இருட்டை எப்படியெல்லாம் விரட்டினேன் என்று பத்து நிமிடம் பாடினார்.

வெளியே வந்தால் மேலே கோட்டு, டை. காலில் சலங்கை.

"வாத்தியாரே, விஞ்ஞானி யாராவது சலங்கை கட்டுவாங்களா? ஆடிக்கிட்டே எறங்குவாங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சும்மா எறங்கி வர்றதுக்கு அவுரு என்ன மினிபஸ்லயா வந்தாரு?"

வைப்பர் அம்மா வந்தார்

வைப்பர் அம்மாவுக்கு ஆள் பிடிக்கும் பொறுப்பை சேகர் அண்ணன் வாத்தியாரிடம் விட்டிருந்தார். ஞாயிறு காலை கவுன், தொப்பி, கொண்டை, மை தீட்டிய கண்களுடன் வந்து இறங்கியவர் ஏழுமலை மாமா. குழுவில் பெண் வேஷமெல்லாம் அவருக்குத்தான். பெண் பாத்திரம் என்றால் ஏழுமலை. இதில் தப்பு என்ன என்பதே வாத்தியாருக்குப் புரியவில்லை.

நான் பொரிந்து தள்ளினேன். மூன்று வாரம் சண்டை போட்டு ஒரே ஒரு பொம்பளைக்கு இடம் வாங்கினால் அதிலும் ஒரு ஆம்பிளையா? ஏழுமலை மாமா கோபப்படவில்லை. கவுனை ஒதுக்கி பெஞ்சில் உட்கார்ந்து, அந்தம்மா எப்படி நடப்பாங்க, யாராச்சும் சிரிச்சா என்ன செய்வாங்க என்று விசாரித்தார். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கோவம் ஒன்னுது, வேஷம் என்னுது. கோவத்தக் குடு பாப்பா, நான் கட்டிக்கிறேன்" என்றார்.

புதுச்சத்திரம் தாண்டி

அவர் நன்றாகத்தான் நடித்தார். ஆனால் கடைசியில் அவர் பெருமையோடு கை காட்டியபோது ஐஸ் வண்டியின் வைப்பர் அசையவில்லை. மோட்டார் போய்விட்டதாம். சேகர் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல், "இது இழுவை" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். கடைசிக் காட்சிக்குச் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட லேப் தந்திருந்தார்கள், நாலு மணி வரைக்கும். முன்னால் ராஜி அண்ணன், நான், சேகர் அண்ணன், ஏழுமலை மாமா. மூன்று கண்டுபிடிப்பாளர்களும் பின்னால் ஐஸ் பெட்டியில்.

புதுச்சத்திரம் தாண்டியதும் கொட்டியது மழை. கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை, வண்டி நின்றது. மணி மூணேகால். பின்னாலிருந்து மூவரும் இறங்கி வந்தார்கள். நீராவி பானெட்டைத் திறந்து பார்த்து மூடினார். பல்பு, வெளிச்சம் பத்தலை என்றார். போன், மெக்கானிக்குக்கு போன் போட்டார், எடுக்கவில்லை.

ஏழுமலை மாமா தொப்பி ரிப்பனையும் கவுனின் இடுப்பு நாடாவையும் உருவினார். மழையில் இறங்கி இரண்டையும் வைப்பரில் இரண்டு பக்கமாகக் கட்டி, ஒரு முனையைத் தன் ஜன்னல் வழியாகவும் இன்னொன்றை ராஜி அண்ணன் ஜன்னல் வழியாக என் கையிலும் கொடுத்தார். "இதெல்லாம் எதுக்கு? டிரைவருக்குக் கவனம் செதறும். பிரயோஜனமில்ல" என்றார் சேகர் அண்ணன். வாயைத் திறப்பதற்குப் பதிலாக நாடாவை இறுக்கிப் பிடித்தேன். என் வாழ்க்கையில் அது முதல் முறை. மாமா இழுத்தார், நான் இழுத்தேன். கண்ணாடியில் ரோடு தெரிந்தது.

பரங்கிப்பேட்டைப் பிரிவு வருவதற்குள் சேகர் அண்ணன் மெதுவாகப் பையிலிருந்து செல்போனை எடுத்து எங்களைப் படம் பிடிக்க ஆரம்பித்திருந்தார். நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சிதம்பரம். எடிட்டிங் முடிந்த அன்று கூப்பிட்டார்: "வைப்பர் நாலு நிமிஷம் வருது. எடம் பத்தலன்னு பல்பு பாட்டத் தூக்கிட்டேன். வாத்தியார் கேட்டா நீதான் பேசணும், ஒனக்குத்தான் வாய் ஜாஸ்தி."

அந்த நாலு நிமிடத்தில் என் பங்கு நாடா இழுக்கும் ஒரு கை மட்டும்தான். அதுவும் ஒரு ஷாட்டில் வாட்ச்சோடும் அடுத்த ஷாட்டில் வாட்ச் இல்லாமலும் வருகிறது, நோட்டில் எழுதவேண்டியவள் வேலையாக இருந்ததால்.