மல்லாட்டைச் சல்லடையின் முதல் வரிசை

அந்த வருஷம் விதைப்புக்கு முன்னால் என் வீட்டுக்காரர் பஸ் படிக்கட்டில் வழுக்கி விழுந்து வலக்கையை உடைத்துக்கொண்டார். விழுப்புரத்தில் மாவுக்கட்டுப் போட்டுத் திண்டிவனத்துக்குக் கூட்டிவந்தேன். எங்கள் தகரப் பட்டறையில் மில்லுக்காரர் கொடுத்த தகடு பாதியில் கிடந்தது. விதை மல்லாட்டை உடைக்கிற மெஷினுக்குச் சல்லடை. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். ஓட்டையின் விளிம்பில் பிசிறு நின்றால் பருப்பின் தோல் கிழியும். தோல் கிழிந்த பருப்பு முளைக்காது. முப்பது வரிசையில் ஒரு வரிசைதான் இவர் போட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமைக்குள் ஆகாவிட்டால் வேலையை விழுப்புரத்துப் பட்டறைக்கு மாற்றிவிடுவதாக மில்லுக்காரர் சொல்லியனுப்பினார். போன வேலை திரும்பாது. இடக்கையால் போட்டுத் தருகிறேன் என்று இவர் பதில் சொல்லிவிட்டார். சுத்தியைத் தூக்கியது நான்.

அதுவரை நான் அடித்ததெல்லாம் காய் துருவும் தகடு. அதற்குப் பிசிறுதான் வேண்டும். ஆணி வைத்து ஒரு போடு போட்டால் தீர்ந்தது. இது அப்படியில்லை. இரண்டு இரும்புப் பட்டையைச் சேர்த்து ஒன்றாகத் துளைபோட்டு இவரே செய்த அச்சு. நடுவில் தகட்டைச் செருகி, மேல் துளை வழியாக லாரி வால்வுக் கம்பியை இறக்கி அடித்தால் கீழே பொட்டு மாதிரி வில்லை உதிரும்.

துண்டுத் தகட்டில் அடித்துப் பார்த்தேன். விளிம்பு விரலைக் கீறியது. மறுபடியும் கீறியது. அச்சைக் கழற்றி நகத்தால் தடவினேன். கீழ்ப்பட்டையின் துளை மழுங்கியிருந்தது. மேல்பட்டையில் ஓரம் கூராகவே இருந்தது. கூரான ஓரம் கீழே வரும்படி அச்சைத் தலைகீழாகப் போட்டேன்.

“கவுக்காதடி. பத்து வருசமா அப்படித்தான் போட்டுக்கினு வர்றேன்” என்றார் கட்டிலிலிருந்து.

நான் தகட்டைச் செருகிக் கம்பியை இறக்கினேன். கம்பி கொஞ்சம் சாய்ந்தாலும் தகடு கிழியும். மாற்றுத் தகடு கிடையாது. ஒவ்வொரு அடிக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பகல் முழுக்க ஆனது.

வெள்ளிக்கிழமை மில்லுக்காரர் வந்து, கொஞ்சம் பஞ்சைப் பிய்த்துத் தகட்டின் மேல் இழுத்தார். முதல் வரிசையிலேயே பிசிறில் மாட்டியது. அடுத்த வரிசையில் மாட்டவில்லை. கடைசிவரைக்கும் மாட்டவில்லை.

“மொத வரிசையில மட்டும் உம் பொண்டாட்டி கை வெச்சாளா?” என்று இவரைப் பார்த்துச் சிரித்தார்.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆமாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் வேலை எங்களிடமே நிற்கும். மீதியெல்லாம் பொம்பளை அடித்தது என்று தெரிந்தால் போனாலும் போய்விடும். எனக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுத்துத் தெரியாது. ஆனாலும் என் அடியை இன்னொருவர் அடியாக விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

“மொத வரிச அவருதுங்க. மீதியெல்லாம் நான்.”

மில்லுக்காரர் சிரிப்பை நிறுத்தி இவரைப் பார்த்தார். இவர் குனிந்த தலையை நிமிர்த்தினார்.

“ஆமாங்க. இவதான் அச்சக் கவுத்துப் போட்டா. எனக்குத் தோணல.”

மில்லுக்காரர் இன்னொரு முறை பஞ்சை இழுத்துப் பார்த்தார். முதல் வரிசையைச் சாயங்காலத்துக்குள் தேய்த்து வைக்கச் சொன்னார். வண்டியிலிருந்து அடுத்த தகட்டை இறக்கி, கட்டில் பக்கம் கொண்டுபோனவர், நின்று திரும்பி, என் பக்கம் சாய்த்து வைத்தார்.

அவர் போனதும் அரத்தை எடுத்து இவரிடம் நீட்டினேன். தகட்டை நான் பிடித்துக்கொண்டேன். இடக்கையால் அந்த வரிசையை இவரே தேய்த்தார்.