செவ்வன் தொடலியான காலை

கணித வினாத்தாள்களைத் தமிழாக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அப்போது நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு தனியார் கல்வி நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளர். உயர்தரப் பிள்ளைகளுக்கு நிறுவனம் கொடுக்கும் புலமைப்பரிசிலுக்கான கணித வினாத்தாளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக் கொடுத்திருந்தேன். பரீட்சையன்று வெள்ளவத்தை மண்டபத்தில் மேற்பார்வைக்கும் என்னையே போட்டார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு மண்டபம் கொட்டாஞ்சேனையில் இருந்தது.

வகையீட்டுக் கேள்விகளை எல்லோரும் மளமளவென்று எழுதினார்கள். பரவளைவுக்கு வந்ததும் பேனாக்கள் நின்றன. முன்வரிசையில் ஒரு பிள்ளை முழுப் பக்கத்தையும் வெட்டிவிட்டு மறுபடி தொடங்கினாள். அதையும் வெட்டினாள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அச்சில் வரும் ஒரு நீளம் எப்போதும் 2 என்று காட்டச் சொல்லியிருந்தது. அவளுக்கு 2t² வந்துகொண்டிருந்தது. செய்கையில் ஒரு பிழையும் இல்லை.

மேசையில் இருந்த ஆங்கிலத் தாளை எடுத்தேன். அதில் ‘நோர்மல்’ என்று இருந்தது, அதாவது செவ்வன். தமிழில் தொடலி. நான் மொழிபெயர்த்தபோது ஆங்கிலத்திலும் தொடலிதான். பிறகு யாரோ கேள்வியை மாற்றியிருக்கிறார்கள். எனக்குச் சொல்லவில்லை. தொடலி வளைகோட்டைத் தொட்டுக்கொண்டு போகும். செவ்வன் அதே புள்ளியில் தொடலிக்குச் செங்குத்தாக நிற்கும். தொடலியை வைத்து எத்தனை தரம் செய்தாலும் 2 வராது.

வெளியே வந்து நிறுவன மனேஜருக்குப் போன் எடுத்தேன்.

“சேர், பரவளைவுக் கேள்வியில தொடலி எண்டு அடிச்சிருக்கு. செவ்வன் எண்டு வரவேணும்.”

“இப்ப என்ன செய்யிறது? தாள் திருத்தேக்க எல்லாருக்கும் அந்தக் கேள்விக்குரிய புள்ளியக் குடுத்துவிடுவம்.”

“புள்ளியக் குடுக்கலாம் சேர். போற நேரத்த ஆர் குடுக்கிறது? கெட்டிக்காரப் பிள்ளையள்தான் அதிலயே நிக்குதுகள்.”

“நீங்க உங்கட மண்டபத்தில மட்டும் சொன்னா கொட்டாஞ்சேனைப் பிள்ளையளுக்கு அநியாயமெல்லோ? பொறுங்கோ.”

அது நியாயம்தான். ஆனால் அங்கிருந்த மேற்பார்வையாளரின் போன் நிறுத்தப்பட்டிருந்தது. மண்டபத்துக்குள் போனை நிறுத்தி வைக்கவேண்டும் என்பது நாங்கள் போட்ட விதி. அந்த மண்டபம் தேவாலயத்தினுடையது என்பதால், அதன் அலுவலக நம்பரைத் தேடி மனேஜர் பேசப் போனார். நான் கதவடியில் நின்றேன். உள்ளே அந்தப் பிள்ளை மூன்றாவது பக்கத்தை வெட்டினாள். என்ன பிழை என்று தெரிந்தும் வாய் திறக்க முடியவில்லை.

கடைசியில் போன் அடித்தது. “அங்க சொல்லியாச்சு. நீங்களும் சொல்லுங்கோ. ரெண்டு இடத்திலயும் அரை மணித்தியாலம் கூடக் குடுப்பம்.”

நான் அறிவித்ததும் அவள் பேனாவை வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடினாள். எழுந்து போய்விடுவாளோ என்று பயந்தேன். பிறகு புதுத் தாள் கேட்டாள்.

முடிந்ததும் என்னிடம் வந்தாள். “மிஸ், அப்ப நான் முதல்ல செய்தது சரியோ?”

“ஓம், தொடலிக்கு அதுதான் சரி.”

“நான் எனக்குத்தான் மூளை வேலை செய்யேல்ல எண்டு நினைச்சனான்.”

கொட்டாஞ்சேனையில் ஒரு பையன் அறிவிப்புக்கு முன்பே தாளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அடுத்த நாள் நானும் மனேஜரும் ஜிந்துப்பிட்டியில் அவன் வீட்டுக்குப் போனோம். வேறு தாள் தருகிறோம், திரும்ப எழுது என்றோம்.

“வேணாம் மிஸ். எனக்கு மெத்ஸ் சரிவராது” என்றான்.

எவ்வளவு சொல்லியும் அவன் வரவில்லை.

மொழிபெயர்த்துக் கொடுத்ததோடு உங்கள் வேலை முடிவதில்லை. அச்சுக்குப் போகும் ஆங்கிலத் தாளைக் கேட்டு வாங்குங்கள், சொல்லுக்குச் சொல் ஒத்துப் பாருங்கள். தரமாட்டோம் என்றால் சண்டை பிடியுங்கள். தாளில் பிழை இருக்கும் என்று பிள்ளைகள் நினைப்பதில்லை. பிழை தங்களிடம் என்றுதான் நினைக்கிறார்கள்.