திங்கட்கிழமைப் பாய்ச்சல்

மாரக்வெட் மலைப்பக்கத்திலிருந்து, ஓட்டப் பயிற்சி முகாம்கள் நிறைந்த ஈட்டன் ஊருக்கு ஓட வந்தவள் ஜெலகாட். வயது இருபத்தாறு. "ஒரு வருஷம் மட்டும் விடுங்க. முகாம்ல இடம் கிடைக்கலேன்னா திரும்பி வந்து சோளக்காட்டைப் பார்க்கிறேன்" என்று கணவனிடம் சொல்லி, மூன்று வயது மகளை அவனிடம் விட்டு வந்திருந்தாள். வருஷம் முடியப் பத்து நாள்தான் இருந்தது. வருகிற சனிக்கிழமை தம்பாச் மைதானத்தில் தேர்வு ஓட்டம். பெண்களில் ஒருத்திக்குத்தான் இடம்.

ஈட்டனில் திங்கட்கிழமை என்றால் மெதுவோட்டம். உலகத்தையே ஜெயித்தவர்கள்கூட அன்றைக்குச் சந்தைக்குப் போகிறவர்கள் மாதிரி ஊர்க்கதை பேசிக்கொண்டே நகர்வார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும். வேகம் கற்க வந்துவிட்டு ஊர்ந்துகொண்டிருப்பதா? போதாக்குறைக்கு முகாம் மேலாளரின் வெள்ளைக் கார் அந்தச் செம்மண் சாலையில் எப்போது வேண்டுமானாலும் வரும். கார்ச் சத்தம் கேட்டால் போதும், ஜெலகாட் கூட்டத்தை விட்டு முன்னால் பாய்ந்துவிடுவாள். வருஷம் பூராவும் இந்தக் கூத்துதான்.

"ஏ தங்கச்சி, இன்னைக்கேவா மெடல் குடுக்கிறாங்க?" என்று கிமையோ பின்னாலிருந்து கத்துவான். பந்தயங்களில் பாதி தூரம் முன்னால் ஓடி மற்றவர்களுக்கு வேகம் பிடித்துக் கொடுத்தே பத்து வருஷம் ஓட்டியவன் அவன். "மெதுவா ஓட வேண்டிய நாள்ல மெதுவா ஓடு. அப்பதான் கால் தேறும். தேறுன காலுதான் வேகமா ஓடும்."

"உனக்கென்ன அண்ணே, நீ ஏற்கெனவே முகாம்ல இருக்கே. அவரு கண்ணுல நான் பட வேணாமா?"

தேர்வுக்கு முந்தின திங்கட்கிழமையும் பாய்ந்தாள். பாவி மகள், கெண்டைக்கால் வலித்ததை யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை பன்னிரண்டரைச் சுற்று. எட்டாவது சுற்றில் கால் கல்லாகிவிட்டது. திங்கட்கிழமைகளில் கடைசி வரிசையில் கதையளந்துகொண்டு வரும் செருட்டோ, மூச்சுக்கூட வாங்காமல் அவளைத் தாண்டிப் போனாள். செருட்டோவுக்குப் பின்னால் இன்னும் ஏழு பேர் ஜெலகாட்டைத் தாண்டினார்கள். இடம் செருட்டோவுக்கு.

புல்லில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்த ஜெலகாட்டின் பக்கத்தில் மேலாளர் வந்து நின்றார். நல்ல மனிதர், பாவம், ஆறுதலாகத்தான் பேசினார்.

"ஆரம்பத்துல நீ நல்லாத்தான் ஓடினேம்மா. ஊருக்குப் புதுசா? உன்னை நான் இதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லையே. பேரைச் சொல்லு, அடுத்த வருஷத்துக்குக் குறிச்சு வைக்கிறேன்."

அவள் பக்கத்தில் வந்து நின்ற கிமையோவின் பக்கம் திரும்பினாள். மலைக்குப் போகும் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.