சூடு தெரியாத கால்

முதலில் பார்த்தது என் மனைவி பேச்சியம்மாள்தான். காலையில் குளித்துவிட்டு ஈரக் காலோடு கூடத்தில் நடந்து போனேன். பின்னால் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"யாருங்க வீட்டுக்குள்ள ரத்தக் காலோட நடந்தது?"

"வேலைக்கு வந்த பயக எவனாவது இருக்கும்."

"இன்னைக்கு ஒருத்தரும் உள்ள வரலயே. இது உங்க தடம்ங்க."

வலது காலைத் தூக்கிப் பார்த்தேன். பெருவிரலுக்கு அடியில் ஒரு ரூபாய் வட்டத்துக்குப் புண். ஓரமெல்லாம் கறுத்துக் கிடந்தது. வலி என்பது துளியும் இல்லை. வலிக்காத புண் என்ன பெரிய புண் என்று மஞ்சளை அப்பிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அஞ்சாம் வகுப்பு. அலங்காநல்லூர் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவன். இன்றைக்குச் செல்லூரில் பந்தல், மேடை, சமையல் பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுகிறேன். ஆடிக் காற்றில் மற்றவன் பந்தல் பறக்கும், என் பந்தலில் சீலைகூட ஆடாது. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். செல்லூரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். என்னைப் போல சர்க்கரையையும் சாமியையும் ஒரே உடம்பில் வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

புண்ணுக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஊர்க் காளியம்மன் கோவிலில் பூக்குழி இறங்கியிருந்தேன். இளவட்ட வயதிலிருந்து தீயில் இறங்குகிறவன். அப்போதெல்லாம் சூடு தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவோம். கடைசி நாலைந்து வருசமாகச் சூடே தெரியவில்லை. வரப்புப் புல்லில் நடப்பது மாதிரி இருந்தது. "ஆத்தா என் காலுக்குக் கீழ உள்ளங்கையை வைக்கிறா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சிறுசுகள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டன. நானும் காலைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பாதம் வீங்கி, செருப்பு நுழையாமல் போன பிறகுதான் மகன் செந்தில் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கே ஒரு டாக்டரம்மா. கையில் தூண்டில் நரம்பு போல ஒரு மெல்லிய இழை வைத்திருந்தார்.

"கண்ணை மூடிக்குங்கய்யா. நான் தொடும்போது சொல்லுங்க."

மூடினேன். ரொம்ப நேரம் ஆனது.

"தொடுங்க டாக்டரம்மா."

"ரெண்டு காலையும் தொட்டு முடிச்சிட்டேன்யா."

கண்ணைத் திறந்தேன். செந்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு நியூரோபதி (சர்க்கரையால் நரம்பு கெட்டு உணர்ச்சி மங்கிப் போவது) என்றார் டாக்டரம்மா.

நான் விடுவேனா? "பூக்குழியிலயே எனக்குச் சூடு தெரியாதும்மா" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை வருசமா தெரியல?"

சொன்னேன்.

"அத்தனை வருசமா நரம்பு செத்துக்கிட்டு இருந்திருக்குய்யா. இந்தத் தடவை தீப்புண் பட்டிருக்கு. அதுவும் உங்களுக்குத் தெரியல."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் நடுச்சந்தையில் வேட்டி அவிழ்ந்தது போல இருந்தது. ஆத்தாவின் உள்ளங்கை என்று நான் ஊருக்குச் சொன்னது என் நரம்பு செத்த கதையா?

எக்ஸ்ரேயில் எலும்புவரை சீழ் இறங்கியிருந்தது. கேங்கிரீன் (ரத்த ஓட்டம் நின்று சதை அழுகுவது) பிடித்துவிட்டது. பெருவிரலும் பக்கத்து விரலும் எடுக்க வேண்டும் என்றார். தள்ளிப் போட்டால் பாதம், அப்புறம் முழங்கால் என்று ஏறும். கணுக்காலுக்கு மேலே சிவப்பு முடிகிற இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். "சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினா நம்ம கையில ஒண்ணும் இருக்காதுய்யா."

"இது சாமி இறங்குற கால். ஆத்தா உத்தரவு இல்லாம கத்தி வைக்கக் கூடாது" என்றேன்.

"ஆத்தா எந்த காலேஜுல டாக்டருக்குப் படிச்சா?" என்றான் செந்தில்.

"வாயைக் கழுவுடா மொதல்ல" என்று பேச்சி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் போய்ப் பூ வாக்கு கேட்டுட்டு வாரேன்" என்று கிளம்பினாள்.

எங்கள் பக்கத்தில் பெரிய காரியத்துக்கெல்லாம் இதுதான் வழக்கம். அம்மன் சிலையின் இரண்டு தோளிலும் ஈரப் பூவை ஒட்டி வைப்பார்கள். வலப்பக்கப் பூ விழுந்தால் செய், இடப்பக்கப் பூ விழுந்தால் வேண்டாம். பூசாரி மாயாண்டி என் மனைவியின் தம்பிதான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். காய்ச்சல் ஏறியது. மாயாண்டி போன் செய்தான். "மச்சான், பூ அசைய மாட்டேங்குது."

"நல்லாக் கும்பிட்டுக் கேளு மாப்ள."

"கேக்காம? தொண்டை கட்டிருச்சு மச்சான்."

மத்தியானம் நர்ஸ் போர்வையை விலக்கினார். சிவப்பு கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. அவர் டாக்டரம்மாவைக் கூப்பிடப் போனார். அந்தச் சமயத்தில்தான் பேச்சி உள்ளே வந்தாள்.

"பூ விழுந்துச்சா?"

"இல்ல."

"எந்தப் பக்கமும் இல்லையா?"

"ஒட்டுன இடத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கு. மாயாண்டிக்கே வேர்த்துப் போச்சு."

"அப்ப உத்தரவு இல்ல. வெட்ட வேண்டாம்."

"வேண்டாம்னா இடப்பக்கம் விழுந்திருக்கணும்ல? ரெண்டும் விழலன்னா என்ன அர்த்தம்? உன் புருசன், நீயே பாத்துக்கடின்னு அர்த்தம். நான் பாத்துக்கிட்டேன். டாக்டரம்மாகிட்ட வெட்டச் சொல்லிட்டுத்தான் வாரேன்."

"சாமி குத்தம் ஆயிரும் பேச்சி."

"ஆனா ஆகட்டும், என் தலையில விடியட்டும்." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "பயமா இருக்கா?"

பந்தக்கால் நட்டு, ஆள் வைத்து வேலை வாங்கி, ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொல்கிற என்னிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "இருக்கு" என்றேன்.

"எனக்கும்தான். எங்க இடப்பக்கம் விழுந்திருமோன்னு நடுங்கிக்கிட்டே நின்னேன்."

"விழுந்திருந்தா?"

"விழுந்திருந்தாலும் வெட்டத்தான் சொல்லியிருப்பேன். ஆத்தாகிட்ட அப்புறமாச் சண்டை போட்டுக்கலாம்."

இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் ஒரு பேச்சி இருப்பாள். அவளுக்கு ஆத்தா பக்கத்து வீட்டுக்காரி மாதிரி. சண்டை போட்டாலும் உறவு அறுந்து போகாது என்று அவளுக்குத் தெரியும். நான் செய்தது வேறு. ஒரு விரலைக்கூட இழக்கத் துணியாத என் பயத்துக்கு முன்னால் அம்மன் பெயரைப் படுதாவாகக் கட்டியிருந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் பக்தி போலத்தான் தெரியும். படுதா கட்டுவதில் நான்தான் கெட்டிக்காரனாயிற்றே.

சாயங்காலமே ஆபரேஷன். கால் மரத்துப்போக முதுகில் ஊசி போட வந்த டாக்டரிடம், "எதுக்கு வீண் செலவு, அது ஏற்கெனவே மரத்த கால்தானே" என்றேன். அவர் சிரித்தார். பேச்சி கொடுத்த குங்குமத்தை நர்ஸ் துடைக்கச் சொல்லவில்லை. அது எனக்குப் பெரிய காரியமாக இருந்தது.

இரண்டு விரல் போனது. பாதம் தப்பியது.

அதற்கப்புறம் டிப்ரைட்மென்ட் (மிச்சமிருக்கும் செத்த சதையைச் சுரண்டி எடுப்பது), கட்டு மாற்றுவது, இன்சுலின் என்று மாதக்கணக்கில் போனது. புண் ஆறுவதை அவசரப்படுத்த முடியாது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் எத்தனை ஆளைக் கூட்டினாலும் வேலை முடிந்துவிடும். சதை அப்படி வளராது. டாக்டரம்மா, "உங்களை மாதிரி சொன்னதைக் கேட்கிற நோயாளி குறைவு" என்றார். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இனி வெறுங்காலோடு ஓர் அடிகூட நடக்கக் கூடாது, எம்.சி.ஆர். செருப்பு (உள்ளே மெத்தென்ற ரப்பர் வைத்தது) கட்டாயம் என்றார்கள். கோவிலுக்கு எப்படிப் போவேன் என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தேன். மாயாண்டிதான் சொன்னான். "வாசல் வரைக்கும் வாங்க மச்சான். தட்டை நான் வெளிய கொண்டு வாரேன். ஆத்தா அம்புட்டு தூரம் பாக்க மாட்டாளா?"

அடுத்த திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் முன்னால், குழி இறங்குகிறவர்களுக்கெல்லாம் சர்க்கரையும் காலும் பார்க்க ஏற்பாடு செய்தேன். பந்தல் நம்முடையது. டாக்டரம்மாவின் ஆட்கள் வந்து இழை வைத்துப் பார்த்தார்கள். ஒருத்தன் கண்ணை மூடியபடியே உட்கார்ந்திருந்தான், நான் இருந்த மாதிரி. அவனை இறங்க வேண்டாம் என்றதும் கோபம் வந்துவிட்டது.

"எனக்கு ஆத்தா அருள் இருக்குண்ணே, சூடே தெரியாது."

"நானும் அதையேதான் மாப்ள சொன்னேன்" என்று செருப்பைக் கழற்றிக் காட்டினேன். அவன் என் பாதத்தைப் பார்த்தான். பிறகு குனிந்து தன் பாதத்தைப் பார்த்தான். அந்த வருசம் அவன் தீச்சட்டி எடுக்கவில்லை, குழியும் இறங்கவில்லை. மாவிளக்கு வைத்தான். ஆத்தா ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

நம்பிக்கையை விடுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். சாமியிடம் கேளுங்கள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஆஸ்பத்திரிக்கு வண்டியையும் எடுங்கள். பயமாக இருந்தால் வீட்டில் ஓர் ஆளிடமாவது பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். நான் கொஞ்சம் முந்திச் சொல்லியிருந்தால் விரலோடு இருந்திருப்பேனோ என்னவோ.

முன்பெல்லாம் எனக்கு நாள் என்றால் முகூர்த்த நாள்தான். இப்போது எல்லா நாளும் கணக்கில் வருகிறது. சாயங்காலமானால் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். சின்னக் குழந்தைக்குப் பார்ப்பது போலத்தான். அது வாய்விட்டுச் சொல்லாது. நான்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று மட்டும் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. போன பெருவிரல் சில நாள் அரிக்கும். ஃபாண்டம் (எடுத்துவிட்ட உறுப்பு இன்னும் இருப்பது போன்ற உணர்வு) என்கிறார் டாக்டரம்மா. இருக்கிற விரலைக் கிள்ளினாலும் தெரியாது, இல்லாத விரல் உயிரை வாங்குகிறது. எதைச் சொரிவது?

பேச்சிதான் கண்டுபிடித்தாள். விரல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் கையை வைத்து, வெறும் போர்வையைச் சொரிகிறாள்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் தள்ளி."

"இங்க?"

"ம். அங்கதான்."