இரண்டாகத் தெரிந்த எருமை

என் மகள் எங்கள் பட்டியில் நிற்கும் ஒற்றைக் கொம்பு எருமையைப் போனில் படமாகக் கீறி வைத்திருந்தாள். உலகத்தில் ஒன்றே ஒன்று, இன்னார்தான் சொந்தக்காரர் என்று கணினிகளில் பதிந்து விற்கும் படம் அது. அந்தப் பதிவுக்குப் பிளாக்செயின் என்று பெயர் சொன்னாள். நான் ஐந்தாம் வகுப்போடு மாடு சாய்த்து மேய்க்கப் போனவன். தலையை ஆட்டினேன்.

அவள் கொழும்பில் தையல் ஆலைக்குப் போனபோது, விடுதியில் களவு போய்விடும் என்று அந்தப் போனை என்னிடம் விட்டுப் போனாள். அதற்குப் பிறகுதான் வெளிநாட்டுக்காரர் ஒருவர் எருமையைக் கேட்டார். அவள் கீறியதில் முதன்முதல் விலைபோனது. ஆனால் அவருடைய பதிவு வேறொரு பிளாக்செயினில். படத்தை அங்கே மாற்ற வேண்டும்.

"இஞ்ச இருக்கிறதப் பூட்டுவாங்க அப்பா. அங்க புதுசா ஒண்டு விழும்" என்றாள்.

இரண்டு நாள், சாப்பாட்டு இடைவேளையில் தன் பட்டன் போனில் அழைத்து, எதை அமத்துவது என்று சொன்னாள். வாவிக்கரைச் சேற்றில் மாடுகளுக்குப் பின்னால் நின்று அமத்தினேன். கண் எரிந்தது.

மாலையில் பார்த்தால் போனில் இரண்டு எருமை. மாடு விற்கும்போது ஊர் விதானையார் வாங்குகிறவர் பேரில் சீட்டு எழுதித் தருவார். ஒரு மாட்டுக்கு இரண்டு சீட்டு இருந்தால், பிந்தி எழுதியது கள்ளச் சீட்டு. மகளைக் கள்ளி என்று சொல்லிவிடுவார்களே என்று பயந்தேன். பிந்தி வந்ததை அழித்தேன். போன் ஆங்கிலத்தில் ஏதோ கேள்வி காட்டியது. இரண்டு நாளும் அமத்திய அதே நீலப் பொத்தானை அமத்தினேன்.

மறுநாள் அழைத்தாள்.

"வந்திட்டா அப்பா?"

"வந்தது மகள். ரெண்டாக் கிடந்துது. பிந்தினத அழிச்சிட்டன்."

"ஐயோ அப்பா! மாட்டப் பட்டிக்குள்ள பூட்டிப்போட்டு, சீட்டக் கிழிச்சிட்டீங்களே. புதுசக் காட்டினாத்தானே பழசத் திறப்பாங்க. இனி ஒருத்தராலயும் எடுக்கேலா."

"எருமை இஞ்சதானே நிக்குது. இன்னொண்டு கீறிக் குடன்."

"எருமையோட நிண்டு நிண்டு நீங்களும்..." என்று தொடங்கி நிறுத்தினாள். பிறகு குரல் தணிந்தது. "ஒண்டே ஒண்டுதான் எண்டு அந்த மனுசனுக்குச் சொல்லிப்போட்டன். எப்பிடி அப்பா இன்னொண்டு கீற?"

அவள் இடத்தில் நான் இருந்தாலும் இன்னொன்று கீறியிருக்கமாட்டேன். அவளே துண்டிக்கட்டும் என்று போனைக் காதில் வைத்தபடி நின்றேன்.