1691 என்று வெட்டிய வாசல்

ஈனிட் ஆல்டர்சனுக்கு எண்பத்திரண்டு வயது. அதில் அறுபத்தொரு வருஷம் ஒரு வீட்டுக்கு ஊழியம் செய்தே கழிந்துவிட்டது. யார்க்‌ஷர் மலைச்சரிவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருக்கும் கல்வீடு அது. இரண்டடி கனச் சுவர், கல்லையே ஓடாக வேய்ந்த கூரை, கல் சட்டங்களுக்கு நடுவே கையகலக் கண்ணாடிகள். பின்புறம் மலை என்பதால் ஒரே வாசல். பார்ப்பவர்களுக்கு அழகு. ஓர் ஓடு நழுவினாலும் மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, அவர்கள் சொன்ன குவாரிக் கல்தான் வேண்டுமென்று காத்திருந்து, அதுவரை மாடியில் வாளி வைத்து மழையைப் பிடித்தவளுக்கு அலுப்பு. வீடு பழங்கட்டடங்களுக்கான அரசாங்கப் பாதுகாப்புப் பட்டியலில் இருந்தது. அதில் குடியிருந்தவளைப் பாதுகாக்க எந்தப் பட்டியலும் இல்லை.

அக்டோபரில் அவள் புருஷன் வில்ஃப் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டான். இனி சக்கர நாற்காலிதான் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒருத்தி வந்து வாசலை அளந்தாள். இரண்டடி இரண்டங்குலம்.

"நாற்காலி நுழையாதும்மா. வாசல அகலப்படுத்துங்க. இல்லேன்னா டவுன்ல நல்லா பாத்துக்கற இல்லம் ஒண்ணு இருக்கு" என்றாள்.

டவுன் முப்பது மைல். பஸ் வாரத்துக்கு இரண்டு நாள். வில்ஃபோ பக்கத்துப் பள்ளத்தாக்கில் ராத்தங்கினாலே முகம் வாடிப்போகிற மனுஷன். அந்த இல்லத்துக்குப் போனால் குளிர்காலம் தாண்டமாட்டான் என்று ஈனிடுக்குத் தெரியும்.

வாசலைத் தொட அனுமதி வேண்டும். அதற்காக மிஸ் ஃபாசெட் வந்தாள், பழைய கட்டடங்களுக்கான அதிகாரி. வாசலுக்கு மேலே கிடந்த கல்லை அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பக்கத்து வழக்கப்படி மேலே குடும்பப் பெயரின் முதலெழுத்து ஏ, அதன் கீழே புருஷனுக்கு டபிள்யூ, பெண்டாட்டிக்கு இ, அடியில் 1691.

"வில்லியம், எலிசபெத் ஆல்டர்சன். பட்டியல்ல முதல் வரியே இந்த வாசல்தான் மிஸஸ் ஆல்டர்சன். இத எப்படி இடிக்கச் சொல்றது?"

ஈனிட் பெருமூச்சு விட்டாள். "வில்லியமும் இல்ல, எலிசபெத்தும் இல்ல. வில்ஃப், ஈனிட். நாங்க கல்யாணம் கட்டுன வருஷம் அவன் வெட்டுன கல்லும்மா அது. முன்னாடி மாடு நுழையற அகலத்துல இருந்துச்சு வாசல். காத்து அடிக்குதுன்னு சுருக்கிக் கட்டினான்."

"அனுமதிக்காகத் தங்க வீடு பழசு இல்லேன்னு இந்த வருஷம் மட்டும் மூணு பேர் சொல்லிட்டாங்க" என்றாள் ஃபாசெட், கோபமில்லாமல். "ஆதாரம் இருக்கா?"

ஆதாரத்துக்கு எங்கே போவது? 1967-இல் பட்டியலுக்காகக் கணக்கெடுக்க வந்தவருக்கு ஆட்டுக்கறி போட்டு, வில்லியம் கதையை அளந்ததே வில்ஃப்தான். கல்லை நோட்டுப் புத்தகத்தில் வரைந்துகொண்டு போகிற நடைப்பயணிகளிடம் அதையே திருப்பிச் சொன்னவள் ஈனிட். கேட்டவர்களுக்கெல்லாம் எலிசபெத் என்று சொல்லிச் சொல்லி, சில நாள் அந்த எழுத்து தன்னுடையதுதானா என்றே அவளுக்குச் சந்தேகம் வந்ததுண்டு. தன் வினை தன்னைச் சுடும் என்பது சரிதான். ஆனால் சூடு விழுந்ததென்னவோ அவள் முதுகில்.

"வெட்டுனவரே சொல்லட்டும், எழுதிக்கறேன்" என்றாள் ஃபாசெட்.

அங்கேதான் சிக்கல். ஆஸ்பத்திரியில் வில்ஃபுக்கு அடுத்த கட்டிலில் படுத்திருந்தவன் கிட் ரெய்ஸ்ட்ரிக், ஓடைக்கு அக்கரைக்காரன். அவன் வீட்டு வாசலில் 1702 என்றிருக்கிறது, அது அசல். அறுபது வருஷமாகச் சந்தையில், மாதாகோவிலில், ஆட்டுக் கண்காட்சியில், "எங்க வீடு உன் வீட்டுக்குப் பதினோரு வயசு அண்ணன்டா" என்று வில்ஃப் அவனைச் சீண்டிக்கொண்டே வந்திருக்கிறான்.

வெள்ளிக்கிழமை இரண்டு பெண்களும் கட்டிலருகே நின்றார்கள். கிட் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டான்.

"அந்தக் கல்ல வெட்டினது யாரு மிஸ்டர் ஆல்டர்சன்?"

"வில்லியம் ஆல்டர்சன்" என்றான் வில்ஃப், சட்டென்று.

ஈனிட் நாற்காலியில் உட்கார்ந்தாள். கத்தக்கூட அவளிடம் தெம்பில்லை. "சரி. உன் இஷ்டம். செவ்வாயும் வெள்ளியும் பஸ்ஸு. என் மூட்டு ஒத்துழைக்கிற வரைக்கும் வரேன். அதுக்கப்புறம் நீ இல்லத்துல, நான் வீட்டுல. எனக்கு அலுத்துப் போச்சு வில்ஃபு. அந்த வீட்டுக்கும் உழைச்சாச்சு, உன் பொய்க்கும் உழைச்சாச்சு."

வில்ஃப் கிட்டின் கட்டிலை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டான்.

"நான்தான் வெட்டினேன்."

பக்கத்துக் கட்டிலில் ஒரு கண் திறந்தது.

"முதல்ல ஒரு கல்லு சரியான வருஷம் போட்டே வெட்டினேன் புள்ள. கல்யாணத்தன்னிக்கு இந்தத் தடியன் எல்லார் முன்னாடியும் அவன் வீட்டு 1702-ஐச் சொல்லிப் பீத்திக்கிட்டான். ராஸ்கல். ஆத்திரத்துல வேற கல்லு வெட்டினேன். பழசு வீண் போகலே. பன்னிக் கொட்டில் வாசப்படி. பொரட்டிப் பாரு."

கிட் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்தாள். "அண்ணனாமில்ல அண்ணன்! அறுபது வயசுப் பொடியன்!" ஒரு வாரத்துக்குள் பள்ளத்தாக்கு முழுக்கக் கதை பரவியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வில்ஃப் பத்து நாள் ஈனிடிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கொட்டில் படியைக் கடப்பாரையால் நெம்பிப் புரட்டியது ஃபாசெட்தான். நல்ல கோட்டெல்லாம் சேறு. மண்ணைத் தட்டியதும் எழுத்து தெரிந்தது. ஏ, டபிள்யூ, இ. கீழே 1961. மேலே வாசலில் இருப்பதைவிடப் பொறுமையாக, மூலைகளில் சின்னச் சின்னப் பூ வைத்து வெட்டியிருந்தான். தன் கல்யாணக் கல்லின் முதுகில் ஏறி நின்றுதான் ஈனிட் அறுபது வருஷமாகப் பன்றிக்குத் தீனி வைத்திருக்கிறாள். அவளுக்கு அழுகை வந்தது. ஃபாசெட் முன்னால் அழ வெட்கமாயிருந்ததால் தேநீர் போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

அனுமதி பிப்ரவரியில் கிடைத்தது. அகலமான வாசலுக்கு 1691 கல்லின் நீளம் எட்டவில்லை. அதைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, எழுத்தில்லாத வெறுங்கல் ஒன்றை ஏற்றினார்கள். ஏப்ரலில் வில்ஃப் நாற்காலியில் இடிக்காமல் உள்ளே வந்தான். ஈனிட் வெளியே போய், வாசலோரம் போட்டு வைத்திருந்த 1961-இன் மேல் தொப்பென்று உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றத் தொடங்கினாள்.

"ஏ புள்ள, அது மேலயா உக்கார்றே?" என்றான் உள்ளிருந்து. "பேர் வெட்டுன கல்லு."

"என் பேருதானே" என்றாள் ஈனிட். "கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன், விடு."